பழைய ஸ்கூல் பஸ்ஸை வீடாக்குவது: எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் ஓய்வுபெற்ற மஞ்சள் பள்ளிப் பேருந்துகளை ஏலத்தில் எடுத்து, இருக்கைகளைக் கழற்றி, நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடாக மாற்றுகிறார்கள். அப்படி மாற்றிய வண்டிக்கு ‘ஸ்கூலி’ என்று பெயர். இதில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளறை வரைபடத்திலிருந்து தொடங்குகிறார்கள். கட்டில் எங்கே, சமையல் மேடை எங்கே, ஷவர் எங்கே என்று தாள் தாளாகக் கோடு போட்ட பிறகுதான் வண்டி தேடுகிறார்கள். இது தலைகீழ் வரிசை. கட்டிலை எப்போது வேண்டுமானாலும் இடம் மாற்றிக்கொள்ளலாம். நீளம், துரு, எஞ்சின், கியர்பாக்ஸ், தலைக்கு மேலுள்ள உயரம் ஆகிய ஐந்தும் வண்டியை வாங்கிய அன்றே முடிவாகிவிடும். பிறகு அவற்றை மாற்ற நினைத்தால் வண்டியின் விலையைவிடச் செலவு அதிகமாகலாம். எனவே இங்கே ஒப்பிடுவதும் பெரும்பாலும் அந்த ஐந்தைத்தான்.

நீளம்: ஜன்னலை எண்ணுங்கள்

ஸ்கூலி கட்டுகிறவர்கள் நீளத்தை ஜன்னல் கணக்கில் சொல்வார்கள். பஸ்ஸின் இரு பக்கமும் எழும்பிக் கூரையில் சேரும் எஃகு வளைவுகளுக்கு ‘ரிப்’ என்று பெயர். ஏறத்தாழ 28 அங்குலத்துக்கு ஒரு ரிப் இருக்கும். இரண்டு ரிப்புக்கு நடுவே ஒரு ஜன்னல். உள் அகலம் எல்லாப் பெரிய பஸ்களிலும் சுமார் ஏழரை அடிதான். ஆக, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் 5 ஜன்னல் என்றால் 12 அடிக்குச் சற்றுக் குறைவான நீளம், 87 சதுர அடி. 10 ஜன்னல் என்றால் 23 அடி, 175 சதுர அடி. 13 ஜன்னல் முழு நீள பஸ்ஸில் 30 அடி, 225 சதுர அடிக்குச் சற்று மேல்.

5 ஜன்னல் பஸ் பெரும்பாலும் ‘ஏ’ வகை, அதாவது வேனின் முன்பாகத்தின் மேல் பஸ் உடலைப் பொருத்திய குட்டி வண்டி. ஓட்டுவது எளிது, நிறுத்த இடம் கிடைக்கும். இதில் இடத்தைவிட எடைதான் பெரிய சிக்கல். பள்ளிப் பேருந்தின் மொத்த எடை வரம்பைக் கணக்கிடும்போது ஒரு மாணவருக்கு 120 பவுண்டு என்று வைக்கிறார்கள். 20 இருக்கைக்கு அது 2,400 பவுண்டு. அதற்குள் சுவர், தரை, அலமாரி, பேட்டரி, ஃபிரிட்ஜ், கட்டில், தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். 50 கேலன் தண்ணீர் மட்டுமே 417 பவுண்டு. கனமான ஓக் பலகையில் அலமாரி செய்துவிட்டு, எடை மேடையில் ஏற்றும்போதுதான் பின் ஆக்சில் வரம்பைத் தாண்டிவிட்டது பலருக்குத் தெரிகிறது. 72 இருக்கை பஸ்ஸிலோ அதே கணக்கு 8,640 பவுண்டு வரும். அங்கே எடை ஒரு கவலையே இல்லை என்று சொல்லலாம்.

ஆனால் 40 அடி வண்டிக்கு வேறு தொல்லைகள் உண்டு. தேசியப் பூங்காக்களின் பழைய முகாம்களில் பல இடங்களில் 30 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு மனையே இருக்காது. பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, திரும்பும்போது எதிர்ப்பக்கம் வீசி அடிக்கும். பெட்ரோல் பங்க் தூண்களில் கீறல் விழுவது இப்படித்தான். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு 13 ஜன்னல் சரி. வாரம் ஒரு ஊர் என்று நகர்கிறவர்கள் இரண்டு பேராக இருந்தால் 8 முதல் 10 ஜன்னல் வரை போதும். தனியாள் என்றால் 6 ஜன்னலில் வசதியாக வாழலாம். குழந்தைகள் இருந்தால் கேள்வியே இல்லை, முழு நீளம்தான்.

மூக்கு உள்ளதா, தட்டையா, பின்னால் எஞ்சினா

பெரிய பஸ்களில் மூன்று அமைப்புகள் உண்டு. முன்னால் லாரி போல் மூக்கு நீண்டது ‘சி’ வகை. முன்பக்கம் தட்டையாக இருப்பது ‘டி’ வகை. அதில் எஞ்சின் முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம்.

பழுது பார்க்க ‘சி’ வகைக்கு இணை இல்லை. மூக்கைத் தூக்கினால் எஞ்சின் மொத்தமும் கைக்கு எட்டும். எந்த லாரி மெக்கானிக்கும் நின்ற இடத்தில் வேலை செய்வார். பின்கதவும் கிடைக்கும். 4 அடிக்கு 8 அடி ப்ளைவுட்டை உள்ளே ஏற்றும் நாளில் அதன் அருமை புரியும். தட்டை முகத்தில் எஞ்சின் முன்னால் இருந்தால், அதே நீளத்தில் சில அடி கூடுதல் இடம் கிடைக்கும். ஆனால் எஞ்சின் ஓட்டுநரின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே பெட்டிக்குள் இருக்கும். சூட்டையும் சத்தத்தையும் அடக்கக் கனமான ஒலித்தடுப்புப் பாய் போட்டாலும் முழுதாகத் தீராது.

பின் எஞ்சின் பஸ்ஸை ஓட்டுவது சுகம். ஓட்டுநர் பக்கம் அமைதியாக இருக்கும். நடுவில் நீண்ட டிரைவ் ஷாஃப்ட் இல்லாததால், தரைக்கு அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை திறந்த சாமான் அறைகள் பல மாடல்களில் இருக்கும். டேங்குகளை அங்கே தள்ளிவிடலாம். பதிலுக்குப் பின்கதவு போய்விடும், கட்டில் எஞ்சினுக்கு மேல் வரும். ரேடியேட்டர் பக்கவாட்டில் இருப்பதால் காற்று நேராக மோதாது. மலையேற்றத்தில் குளிர்விப்பு முழுக்க விசிறியை நம்பியது. அந்த விசிறியின் பெல்ட்டையோ ஹைட்ராலிக் மோட்டாரையோ கவனிக்காத வண்டிதான் ஏற்றத்தில் கொதித்து நிற்கும். மலை மாநிலங்களில் அதிகம் சுற்றுகிறவர்கள் ‘சி’ வகையை எடுப்பதே நல்லது என்பது எங்கள் கணிப்பு.

துரு: இங்கே சமரசம் வேண்டாம்

நல்ல எஞ்சினும் அழுகிய சேஸிஸும் ஒரு பக்கம், சுமாரான எஞ்சினும் சுத்தமான சேஸிஸும் மறுபக்கம் என்றால் இரண்டாவதையே எடுங்கள். எஞ்சினை மாற்றலாம். குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் வட மாநிலங்களில் இருபது வருடம் ஓடிய வண்டியின் அடிப்பாகத்தை மீட்க முடியாது. அரிசோனா, நியூ மெக்ஸிகோ போன்ற வறண்ட மாநிலங்களிலிருந்து வரும் பஸ்ஸுக்குக் கூடுதல் விலை கொடுப்பதும், அதை ஓட்டிவரும் டீசல் செலவும் நியாயமானவை.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஏறும் படிக்கட்டின் அடி, சக்கர வளைவுகளின் விளிம்பு, பின் பம்பருக்கு மேலுள்ள மடிப்பு, தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள். சுத்தியலால் தட்டுங்கள். ‘டங்’ என்று ஒலித்தால் எஃகு. ‘தொப்’ என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. சேஸிஸின் நீள் சட்டத்தில் துரு தகடு தகடாகப் பிரிந்து வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். மேலோட்டமான செம்மை பரவாயில்லை.

இருக்கைக்குக் கீழே கறுப்பு ரப்பரும், அதன் அடியில் அரை அங்குலத்துக்குச் சற்று மேலான ப்ளைவுட்டும், அதற்கும் கீழே எஃகுத் தகடும் இருக்கும். ரப்பர் நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டு மேலே புதுத் தரை போடுவது மலிவான வழி, ஆனால் தவறான வழி. இருபது வருடமாக ஈரக் காலணிகள் மிதித்த தண்ணீர் ப்ளைவுட்டில் ஊறியிருக்கும். ஹீட்டர் குழாய் கசிந்த இடத்தில் தகடு ஓட்டையாகியிருக்கும். பெயர்த்து எடுத்தால்தான் தெரியும். இருக்கை போல்ட்டுகளுக்கு வண்டிக்கு அடியில் ஓர் ஆள், மேலே ஓர் ஆள் தேவை. தனியாள் என்றால் கிரைண்டரால் தலையை வெட்டிவிடுவதே வேகம். பிறகு கம்பித் தூரிகை, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி, எபாக்ஸி ப்ரைமர், பெயின்ட் என்ற வரிசை. போல்ட் ஓட்டைகளை வட்டத் தகடு வைத்து வெல்ட் செய்யலாம், அல்லது பாலியூரிதேன் சீலன்ட்டில் பதிக்கலாம். சிலர் ஒரு சென்ட் நாணயத்தை வைத்து ஒட்டுகிறார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் சீலன்ட் சரியாக இருந்தால் தண்ணீர் ஏறாது.

எஞ்சினைவிட கியர்பாக்ஸ் முக்கியம்

எஞ்சின் பெயரைக் கேட்டே வண்டி வாங்குகிறவர்கள் அதிகம். அதில் தவறில்லை. இன்டர்நேஷனல் டிடி466இ நேர்வரிசை ஆறு சிலிண்டர். பிஸ்டன் ஓடும் உருளை உறைகளான சிலிண்டர் ஸ்லீவ்கள் தனியாகக் கழன்று வருவதால் எஞ்சினை வண்டியிலிருந்து இறக்காமலே புதுப்பிக்கலாம். ஆனால் அந்த ஸ்லீவ்களைச் சுற்றிக் குளிர்நீர் ஓடுவதால், பழைய கூலன்ட்டில் சரியான சேர்மம் இல்லாவிட்டால், அதிர்வில் உண்டாகும் நுண்குமிழிகள் ஸ்லீவைக் குடைந்துவிடும். வாங்கும்போதே கூலன்ட் சோதனைத் தாளில் பார்த்துவிடுங்கள். கம்மின்ஸ் 5.9-இல் 1998 வரை வந்த 12 வால்வு மாடல் மிக எளிமையானது, கம்ப்யூட்டர் கிடையாது. அதற்குப் பிந்தைய 24 வால்வில் 2002 வரை வந்த விபி44 டீசல் பம்ப்தான் பலவீனம். டீசல் அழுத்தம் குறைந்தால் அது போய்விடும். இன்டர்நேஷனல் விடி365 எஞ்சின் ஃபோர்டின் 6.0 பவர்ஸ்ட்ரோக்கின் உடன்பிறப்பு, அதன் ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்குள் திரும்பும் புகையைக் குளிர்விப்பது), ஹெட் கேஸ்கெட் தொல்லைகளோடு சேர்த்து. அதைத் தவிர்க்கலாம். 2007 மாசு விதிகளுக்குப் பிறகு வந்த எஞ்சின்களில் புகை வடிகட்டி இருக்கும். பள்ளி வண்டி நின்று நின்று ஓடுவதால் அது அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

எந்த எஞ்சினானாலும் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வந்தால் சரி, மூடி எகிறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது. ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது மலிவு.

எஞ்சினைப் பார்த்துவிட்டு கியர்பாக்ஸைக் கேட்காமல் வருவதுதான் பெரிய பிழை. பழைய பஸ்களில் மிகுதியாக இருப்பது ஆலிசன் நிறுவனத்தின் ஏடி545 தானியங்கி கியர்பாக்ஸ். நான்கு கியர், எஞ்சின் விசையைத் திரவம் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்கு லாக்கப் (வழுக்காமல் நேராகப் பூட்டும் வசதி) இல்லை. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எப்போதும் திரவம் வழியாகவே விசை போகும். ஏற்றத்தில் அந்த வழுக்கல் முழுவதும் சூடாக மாறி ஆயிலைக் கருக்கும். இறக்கத்தில் எஞ்சின் பிரேக்காக உதவாது. முழுப் பாரமும் கால் பிரேக்கில் விழும். பள்ளிப் பிள்ளைகளை ஊருக்குள் ஏற்றி இறக்க அது போதும். வீட்டுச் சாமானோடு மலைக் கணவாய் தாண்ட அது போதாது. லாக்கப் உள்ள எம்டி643 நல்லது. ஓவர்டிரைவும் (எஞ்சின் குறைந்த சுற்றில் ஓட வேகம் தரும் மேல் கியர்) உள்ள ஆலிசன் 2000 வரிசை இன்னும் நல்லது. பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி ஏடி545 வண்டியை வாங்காதீர்கள். டிரைவ் ஷாஃப்ட் நீளம், தாங்கிகள், கூலர் எல்லாம் மாறும். 2000 வரிசைக்குத் தனிக் கட்டுப்பாட்டுக் கணினியும் வயரிங்கும் வேண்டும். ஏற்கெனவே ஏடி545 கையில் இருந்தால், பெரிய ஆயில் கூலரும் ஒரு வெப்பமானியும் கட்டாயம்.

பின் ஆக்சில் விகிதத்தையும், அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதையும் கேளுங்கள். 11ஆர்22.5 அளவு டயர் மைலுக்குச் சுமார் 500 முறை சுற்றும். ஓவர்டிரைவ் இல்லாத கியர்பாக்ஸும் 5.29 விகிதமும் சேர்ந்தால், எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் அலறும்போது வேகம் மணிக்கு 57 மைல்தான். விகிதம் 4.44 என்றால் அதே சுற்றில் 67 மைல் கிடைக்கும். நெடுஞ்சாலையில் இந்தப் பத்து மைல் பெரிய வித்தியாசம்.

தலை இடிக்கிறதா: கூரையை உயர்த்துவதா, உயரமான பஸ் தேடுவதா

பழைய பஸ்களின் உள் உயரம் நடுவில் 6 அடி. உயரக் கூரை மாடல்களில் சுமார் 6 அடி 6 அங்குலம். 6 அடி பஸ்ஸில் ரப்பரையும் ப்ளைவுட்டையும் எடுத்தால் முக்கால் அங்குலம் மிஞ்சும். மேலே ஓர் அங்குல நுரைப் பலகை, அரை அங்குல ப்ளைவுட், கால் அங்குலத் தரை போட்டால் மொத்தத்தில் ஓர் அங்குலம் நஷ்டம். கூரையில் ரிப்புகளுக்கு இடையிலேயே நுரை அடைத்தாலும், வெப்பத் தடைக் கட்டையும் மரப்பட்டையும் இன்னோர் அங்குலம் எடுக்கும். கடைசியில் 5 அடி 10 அங்குலம் நிற்கும், அதுவும் நடுக்கோட்டில் மட்டும். கூரை வளைவு என்பதால் சமையல் மேடைக்கு முன்னால் நிற்கும்போது இன்னும் குறையும்.

எனவே 5 அடி 6 அங்குலத்துக்குள் இருப்பவர்கள் எந்த பஸ்ஸையும் வாங்கலாம். 6 அடி வரை இருப்பவர்கள் உயரக் கூரை மாடலைத் தேட வேண்டும், கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கும் மேல் இருப்பவர்களுக்கும், மாடிப் படுக்கை வேண்டும் என்பவர்களுக்கும்தான் கூரை உயர்த்துவது பொருள் உள்ளது.

உயர்த்தும் முறை இது: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜன்னல்களையும் உள் தகடுகளையும் எடுத்துவிட்டு, சுவர்கள் சாயாமலிருக்கக் குறுக்குச் சட்டங்களை வெல்ட் செய்ய வேண்டும். நான்கு மூலைகளிலும் நீண்ட வண்டிக்கு நடுவிலும் வழிகாட்டிக் குழாயோடு ஜாக்குகளை நிறுத்தி, ஜன்னல் மட்டத்தில் ரிப்புகளை வெட்டி, எல்லா ஜாக்குகளையும் சிறிது சிறிதாக ஒரே அளவில் ஏற்ற வேண்டும். இடைவெளியில் ரிப்பின் அதே வடிவத் துண்டையோ சதுரக் குழாயையோ, வெட்டின் இரு பக்கமும் பல அங்குலம் ஏறும்படி சொருகி வெல்ட் செய்ய வேண்டும். வெளியே 16 அல்லது 18 கேஜ் தகட்டை சீலன்ட் பூசி ரிவெட் அடிக்க வேண்டும். மேல்தகடு கீழ்த்தகட்டின் வெளிப்பக்கம் இறங்க வேண்டும். மாறிப் போட்டால் ஒவ்வொரு மழையும் சுவருக்குள் வரும்.

இன்னொரு விஷயம் பலர் யோசிப்பதில்லை. கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி 220-இன்படி பள்ளிப் பேருந்தின் கூரை, வெறும் வண்டியின் எடையைப் போல் ஒன்றரை மடங்கு பாரத்தைத் தாங்கி, 5⅛ அங்குலத்துக்குள்தான் அமுங்க வேண்டும். தலைகீழாகக் கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வேண்டும் என்பதே நோக்கம். வெட்டி ஒட்டிய ரிப்புக்கு அந்த உறுதியை யாரும் சோதித்துத் தரமாட்டார்கள். வெல்டிங் கைவராதவர்கள் இந்த வேலையைத் தொடாமலிருப்பது மேல்.

வெளி உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் வரம்பு 13 அடி 6 அங்குலம். சாதாரண பஸ் 10 அடியை ஒட்டி இருக்கும். 20 அங்குலம் உயர்த்தி, மேலே சோலாரும் விசிறி மூடியும் வைத்தால் 12 அடியைத் தாண்டும். சட்டம் அனுமதிக்கும், பாலங்கள் அனுமதிக்க வேண்டுமே. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் லாரிக் கூரைகளை உரித்தே பேர்போன ரயில் பாலம் 11 அடி 8 அங்குலத்தில் நின்றது. 2019-இல் உயர்த்திய பிறகும் 12 அடி 4 அங்குலம்தான்.

குளிரும் வியர்வையும்

எஃகு உடலுக்குள் ஆண்டு முழுக்க வாழும்போது குளிரைவிட ஈரமே பெரிய எதிரி. மூச்சும் சமையலும் எழுப்பும் ஆவி, குளிர்ந்த தகட்டில் நீராகப் படியும். மரப்பட்டைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் துருவும் பூஞ்சையும் வளரும். கண்ணாடி இழைப் பஞ்சை அடைப்பது மலிவு. பஸ்ஸில் அது ஈரத்தை உறிஞ்சி, குலுக்கலில் கீழே இறங்கிவிடும். வேண்டாம். போட்டி எக்ஸ்பிஎஸ் எனும் பாலிஸ்டைரீன் நுரைப் பலகைக்கும் மூடிய செல் ஸ்ப்ரே ஃபோமுக்கும்தான்.

வெப்பத்தைத் தடுக்கும் திறனை ‘ஆர்’ எண்ணால் சொல்வார்கள். எக்ஸ்பிஎஸ் அங்குலத்துக்கு ஆர்-5; ஸ்ப்ரே ஃபோம் ஆர்-6க்கு மேல். வித்தியாசம் அந்த எண்ணில் அதிகம் இல்லை. ஸ்ப்ரே ஃபோம் தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் நடுவே காற்றே கிடையாது, வியர்க்க இடமும் இல்லை. பலகையை வளைந்த கூரையில் பொருத்தும்போது இடுக்குகள் விழும். ஒவ்வொன்றையும் டப்பா நுரையால் அடைக்கப் பொறுமை வேண்டும். தரைக்குப் பலகை, சுவருக்கும் கூரைக்கும் ஸ்ப்ரே என்ற கலவைதான் காசுக்கு ஏற்றது. ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் வயர்களைக் குழாயில் இழுத்துவிட வேண்டும். தகடு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமலும் குளிராமலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரை உரிந்து வரும். ஒரே வீச்சில் தடிமனாக அடித்தால் உள்ளே சூடேறிக் கருகும், தீயே பிடிக்கலாம். இரண்டு வீச்சாக அடிக்கச் சொல்லுங்கள்.

எதைப் போட்டாலும் ரிப்புகள் வெளியே தெரிந்தால் அவை குளிரை நேரே உள்ளே கடத்தும். அவற்றின் மேல் அரை அங்குல நுரைப் பட்டையோ மரக்கட்டையோ வைத்த பிறகே உட்பட்டையை அடியுங்கள். ஜன்னல்கள் ஒற்றைக் கண்ணாடி, ஓயாமல் கசிபவை. பாதியைத் தகட்டால் மூடிவிட்டு, மீதியைக் கழற்றி பழைய சீலன்ட்டைச் சுரண்டிப் புதிதாகப் பொருத்துங்கள். காட்சிக்காக எல்லா ஜன்னலையும் வைத்துக்கொள்கிறவர்கள் குளிர்காலத்தில் திரைச்சீலைகளை நனைத்துப் பிழிவார்கள்.

மின்சாரம், சூடு

இங்கே தவறினால் திருத்திக்கொள்ளலாம் என்பதால் சுருக்கம். ஈய பேட்டரியில் பாதியைத்தான் ஆயுள் கெடாமல் பயன்படுத்த முடியும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 80 சதவீதத்துக்கு மேல். நிரந்தரக் குடியிருப்புக்கு இரண்டாவதே சரி. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் செல் கெடும். ஆகவே அதை வெளிப் பெட்டியில் வைக்காமல் சூடுள்ள அறைக்குள் வையுங்கள். எஞ்சின் ஆல்டர்னேட்டரோடு நேராக இணைத்தால் லித்தியம் இழுக்கும் மின்னோட்டத்தில் ஆல்டர்னேட்டர் கருகும். நடுவே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

சூட்டுக்கு டீசல் ஹீட்டர், விறகு அடுப்பு, புரோப்பேன் மூன்றும் உண்டு. டீசல் ஹீட்டர் வண்டி டேங்கிலிருந்தே குடிக்கும், உலர்ந்த சூடு தரும். நீண்ட நேரம் மெதுவாகவே ஓடினால் கரி படியும், அவ்வப்போது முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். விறகு அடுப்பு அழகு, ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் பல அதைக் கண்டாலே பின்வாங்கும். வெளிக்காற்றை இழுக்காமலும் புகையை வெளியே விடாமலும் எரியும் புரோப்பேன் ஹீட்டர் அறைக்குள் ஈரத்தைக் கூட்டும். மேலே சொன்ன வியர்வைச் சிக்கலை அது பெருக்கும். எதை வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

பதிவும் காப்பீடும்

பஸ்ஸை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 1939 முதல் பள்ளிப் பேருந்துக்கென்றே இருக்கும் அந்த மஞ்சளைப் பல மாநிலங்களில் மாற்றியாக வேண்டும். ‘நில்’ பலகைக் கையையும் மின்னும் சிவப்பு விளக்குகளையும் கழற்ற வேண்டும். மோட்டார் ஹோம் என்று பதிவு பெற, சமையல், குளிர்பதனம், கழிப்பறை, சூடு அல்லது ஏசி, தண்ணீர்த் தொட்டியோடு குழாய், தனி 110 வோல்ட் இணைப்பு அல்லது புரோப்பேன் ஆகியவற்றில் குறைந்தது நான்கு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது பரவலான விதி. மொத்த எடை வரம்பு 26,000 பவுண்டைத் தாண்டும் வண்டிக்கும் காற்றழுத்த பிரேக்குக்கும் உரிமம் எப்படி என்பதை உங்கள் மாநிலத்தில் கேளுங்கள். மோட்டார் ஹோம் என்று பதிவு மாறாத பஸ்ஸுக்குக் காப்பீடு கிடைப்பது கடினம். மாறுவதற்கோ வேலை பாதியாவது முடிந்திருக்க வேண்டும். இந்த இடைக்காலத்துக்குக் காப்பீடு தர ஒப்புக்கொள்ளும் முகவரிடம், இதுதான் மாடல், இதுதான் எடை, விறகு அடுப்பு இல்லை, கூரை வெட்டவில்லை என்று எழுத்தில் உறுதி வாங்கிய பிறகு ஏலத்தில் கை தூக்குங்கள்.